காசில்லாத அச்சாரம்

"மாடு எப்போதடி தாவணி போட்டுக்கொண்டது?" என்று என் சென்னைச் சிநேகிதி ஒருத்தி மாட்டுத்தாவணிக்கு வந்து இறங்கும் போதெல்லாம் கேலி செய்வாள். நாம் கட்டுகிற தாவணி வேறு, இது வேறு. மாடுகளைக் கட்டி வைத்து விலை பேசிய சந்தைதான் இந்தத் தாவணி. மதுரையில் இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பஸ் நிலையமும் பூ மார்க்கெட்டும்தான் ஞாபகத்துக்கு வரும்.

சென்ற வாரம் என் அண்ணன் மகனைப் பெங்களூருக்கு வழியனுப்ப அங்கே போயிருந்தேன். பஸ்ஸுக்கு அரை மணி இருந்தது. "அத்தே, எனக்கு ஒரு ஒத்தாசை செய்யணும்" என்று இழுத்தான். கல்யாண விஷயமாக்கும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதுவல்ல! உத்தியோகம் போக மீதி நேரத்தில் கண் விழித்து, தானே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்திருக்கிறானாம். அடுத்த வருஷம் கடைக்கு வருகிறதாம். "இப்பவே உங்க விருப்பப் பட்டியல்லே சேர்த்துக்குங்க. காசு ஒண்ணும் வேண்டாம்" என்றான்.

கடையின் பெயர் ஸ்டீம். ஆம், இட்லி வேகிறதே, அந்த ஆவிதான்! சுவரும் கதவும் இல்லாத கடை, கம்ப்யூட்டரிலேயே வியாபாரம். முகம் தெரியாதவர்களின் விளையாட்டை உள்ளே விடலாமா என்று 2012 முதல் 2017 வரை வாடிக்கைக்காரர்களே ஓட்டுப் போட்டார்கள். இப்போது ஓட்டு இல்லை. விளையாட்டு ஒன்றுக்கு 100 டாலர் கட்டிவிட்டுக் கடை விரிக்கலாம். ஆனால் அத்தனை நெரிசலில் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அதற்குத்தான் இந்தப் பட்டியல். பலர் பெயர் கொடுத்த விளையாட்டு 'விரைவில் வருகிறது' என்ற வரிசையில் கண்ணில் படும். வெளியாகும் நாளில் பெயர் கொடுத்தவர்களுக்குத் தகவல் போகும். சந்தையில் அச்சாரம் கொடுப்பார்களே, அதுபோல. ஆனால் இது காசில்லாத அச்சாரம்.

நமக்கு இது புதிதல்ல. 1887-ல் சீவக சிந்தாமணி அச்சாகி வந்ததே, அதற்கு முன்பே உ. வே. சாமிநாதையர், புத்தகம் வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் கையொப்பம் வாங்கி வைத்திருந்தார்.

ஆதரவு கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? புனேயில் மூன்று பேர் சேர்ந்து 'ராஜி' என்ற விளையாட்டைத் தொடங்கினார்கள். தம்பியைத் தேடிப் போகும் ஓர் அக்காளின் கதை. 2017-ல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் ஜனங்களிடம் பணம் கேட்டார்கள். குறித்த தொகை சேராவிட்டால் அங்கே ஒரு காசும் கைக்கு வராது. சேரவில்லை. மூவரில் ஒருவரான சுருதி கோஷ் தம்முடைய ஃபிளாட்டை விற்று வேலையைத் தொடரச் செய்தார். ஒரு பெண் சொந்த வீட்டை விற்பதென்றால் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? 2020-ல் 'ராஜி' வெளிவந்தது. அந்த வருஷத்து 'கேம் அவார்ட்ஸ்' விழாவில், சிறந்த முதல் படைப்புக்கான போட்டியிலும் இடம் பெற்றது. எல்லோருக்கும் விற்பதற்கு ஃபிளாட் இருக்குமா?

"சுடுவதும் வெட்டுவதும்தானே? நமக்கென்ன?" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2023-ல் வந்த 'வெண்பா'வில், கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாய், கிழிந்து போன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் ரசமும் செய்கிறாள். நாம்தான் முறையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா பரிசே கிடைத்தது!

ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ இப்படி வந்து நின்றால், "பொழுது போகாத வேலை" என்று விரட்டாதீர்கள். முதலில் மாதிரி ஆட்டத்தை ஆடிப் பாருங்கள். குழம்பில் உப்பு குறைந்தால் சொல்கிறோமே, அப்படிக் குறையைச் சொல்லுங்கள். பிடித்திருந்தால் பெயர் கொடுங்கள். வெளியானதும் மறக்காமல் வாங்குங்கள்.

"உன் விளையாட்டில் என்னடா செய்ய வேண்டும்?" என்று கேட்டேன். "பூக்கடை, அத்தே. மல்லி வாடுறதுக்குள்ளே வித்துத் தீர்க்கணும்" என்றான். பக்கத்து மார்க்கெட்டிலிருந்து வாசனை வந்துகொண்டிருந்தது. ஆடிப் பார்த்தேன். மூன்று தடவையும் என் பூ வாடிப் போயிற்று!

பஸ் புறப்படுமுன் பெயர் கொடுத்துவிட்டேன். கல்யாணப் பேச்சை அடுத்த தடவை வைத்துக்கொள்ளலாம்.