ஒளியைத் திருத்துவோம், கல்லைத் திருத்தோம்!

2025-இல் மராத்தியர் காலக் கோட்டைகள் 12 உலகப் பாரம்பரியச் சின்னமாயின. அவற்றுள் தமிழகத்துக் கோட்டை நம் செஞ்சி ஒன்றே. அதைக் கைப்பேசியில் படமெடுக்காதவர் நம்மில் யார்?

நண்பகலில் ராஜகிரிப் பாறை படத்தில் முற்றிலும் வெளுத்துவிட்டால், பதியாத விவரத்தை எந்தத் திருத்தமும் மீட்டுத் தராது. ஆகவே ஒளியைச் சற்றுக் குறைத்தே எடுங்கள்; இருண்ட பகுதியைப் பின்னர் ஓரளவு வெளிச்சமாக்கலாம். காலைச் சாய்வெயிலோ கல்யாண மகாலின் அடுக்குகளைத் தானே எடுத்துக்காட்டும்.

ஆனால், இடிந்த மதிலை முழுமையாக்கி, இல்லாத மேகத்தை ஒட்டுவது திருத்தமன்று, பொய்ச்சான்று. விரிசல் வளர்ந்ததா என்று நாளை அறிய இன்றைய படமன்றோ சாட்சி? எனவே, திருத்தாத மூலப்படத்தைத் தேதியுடன் காப்போம். அழகினும் உண்மை பெரிது!