வரி போட்டால் கடத்தல் நின்றுவிடுமா?



கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கி வரி விதித்தால் கடத்தலும் ஒழியும், கஜானாவும் நிறையும் என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. வாதிடுபவர்கள் ஒருமுறை கடலூர் ஆல்பேட்டை சோதனைச்சாவடிக்கு வந்து பார்க்கட்டும். மது சட்டபூர்வமானதுதான், வரியும் உண்டு. ஆனாலும் புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் அங்கிருந்து இருக்கைக்கு அடியிலும் பைக் பெட்டியிலும் பாட்டில்கள் வருவது நிற்கவில்லை. 2022-இல் கஞ்சாவை அனுமதித்த தாய்லாந்தும் 2025-இல் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் என்று கட்டுப்படுத்திவிட்டது.

அதே சமயம், சிறை மட்டும் தீர்வாகாது. சிதம்பரத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவனின் புத்தகப் பையில் பொட்டலத்தைக் கண்ட அவன் தாய், வழக்காகிவிடுமோ என்று அஞ்சி ஆறு மாதம் வெளியே சொல்லவே இல்லை. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் முழுமையாகச் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

விற்பவர்மீது கடும் நடவடிக்கையும், சிக்கிய பிள்ளைக்குச் சிகிச்சையும் வேண்டும். இந்தச் சட்டப்பிரிவைப் பள்ளி, கல்லூரிப் பெற்றோர் கூட்டங்களில் மாவட்ட நிர்வாகம் எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

- ஒரு வாசகி, சிதம்பரம்.