இஃப்புக்குள் இஃப், அதுக்குள் இன்னொரு இஃப்

எக்செல்லும் ஒரு ஃபங்ஷனல் புரோகிராமிங் மொழிதான் என்று சொன்னால் எங்கள் பிராஞ்சில் சிரிக்கிறார்கள். ஹாஸ்கெல் மொழியை வடிவமைத்தவர்களில் ஒருவரான சைமன் பெய்டன் ஜோன்ஸ் பல வருடங்களாக இதைத்தான் சொல்கிறார். நான் வெறும் பி.காம். அவர் சொன்னால் எனக்குச் சரி.

இந்த வகை மொழிகளில் இஃப் என்பது 'இதைச் செய்' என்ற கட்டளை இல்லை. எந்த வழியில் போனாலும் அது ஒரு விடையைத் தந்தாக வேண்டும். ஹாஸ்கெல்லில் எல்ஸ் இல்லாமல் இஃப் எழுதினால் ஏற்காது. எக்செல் ரொம்ப நல்ல பிள்ளை. மூன்றாவது பகுதியை விட்டுவிட்டால் ஃபால்ஸ் என்று போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும். அந்தக் காலத்தை சம் போட்டுக் கூட்டினால் ஃபால்ஸை ஓசைப்படாமல் தாண்டிப் போகும். கூட்டுத்தொகை வரும், தப்பாக வரும்!

போர்ட் பிளேரில் (2024ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, வாய்தான் இன்னும் பழகவில்லை) ரிடையர் ஆன பலருக்கு ஆதாரமே எஃப்.டி. வட்டிதான். டி.டி.எஸ்.ஸை சிஸ்டமே பிடித்துவிடும். "ஏன் சார் பிடிச்சீங்க?" என்று கவுண்டரில் கேட்கும்போது சரிபார்க்கத்தான் ஷீட். கை மாறி கை மாறி வந்த அந்த மாதிரி ஷீட்டுகளில் ஏழு இஃப் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். எக்செல் 2003 வரை அதுதான் உச்சவரம்பு. 2007ல் 64 ஆக்கினார்கள். நல்லதுக்கா என்று தெரியவில்லை.

2025-26 நிதியாண்டு விதியை வாயால் சொல்லிப் பாருங்கள். வட்டி வரம்பைத் தாண்டவில்லை என்றால் பிடித்தம் இல்லை. தாண்டி, பான் இல்லை என்றால் 20 சதவீதம். பான் இருந்து, 15ஜி அல்லது 15ஹெச் முறையாகக் கொடுத்திருந்தால் பிடித்தம் இல்லை. மற்றவர்களுக்கு 10 சதவீதம். (என்.ஆர்.ஓ. கணக்குக்கு விதியே வேறு. வெளிநாட்டிலிருந்து படிப்பவர்கள் இதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.)

இஃப்எஸ் ஃபங்ஷனில் இதே வரிசையில் நாலு வரி எழுதினால் போதும். கடைசி நிபந்தனை ட்ரூ. ஹாஸ்கெல்லில் அதை அதர்வைஸ் என்பார்கள், அதுவும் உள்ளே ட்ரூதான். அதை மறந்தால்கூட இஃப்எஸ் 'என்/ஏ' என்று கத்தும். மௌனமான ஃபால்ஸுக்கு அது எவ்வளவோ மேல்.

வரிசையை மாற்றக் கூடாது. பான் இல்லாமல் கொடுத்த 15ஹெச் செல்லாது. அதை முதலில் கேட்டால் 20 சதவீதம் பிடிக்க வேண்டியவருக்கு பூஜ்யம் வரும், அப்புறம் வட்டியோடு வங்கி பதில் சொல்ல வேண்டும்.

வரம்பைத் தனிக் காலத்தில் வைத்துவிடுங்கள்: வயது 60 அல்லது அதற்கு மேல் என்றால் 1 லட்சம், இல்லையென்றால் 50 ஆயிரம். '60-க்கு மேல்' என்று மட்டும் எழுதினால், இந்த வருடம்தான் அறுபது நிறைந்த அம்மாவுக்கு 70 ஆயிரம் வட்டியில் 7 ஆயிரம் பிடிக்கச் சொல்லும். வரியே கட்ட வேண்டாதவர், அதைத் திரும்ப வாங்க ரிட்டர்ன் போட வேண்டும்.

"ஓடுதுல்ல, ஏன் தொடணும்?" என்பார்கள். இங்கே வரும் அதிகாரிகளில் பலர் சில வருடங்களில் மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போகிறோம். அந்தம்மா இங்கேயேதான் இருப்பார். அடுத்து வருபவர் அந்த ஃபார்முலாவைப் படித்து அவருக்குப் பதில் சொல்ல வேண்டாமா?

உங்கள் பிராஞ்சில் எக்செல் 2013 என்றால் இஃப்எஸ் கிடையாது. பழைய இஃப்பையே ஆல்ட்-என்டர் தட்டி, வரிக்கு ஒரு நிபந்தனையாக உடைத்து எழுதுங்கள். எக்செல் ஒன்றும் சொல்லாது.