கால்சியம் ஸ்கேன் முகாம்: வலியசாலை அக்கிரகாரக் குடியிருப்போர் சங்கத்தின் நிலை

நாற்பது வயது தாண்டிய எல்லோருக்கும் தள்ளுபடி விலையில் இதய ரத்தக்குழாய் கால்சியம் ஸ்கேன் எடுத்துத் தருவதாகவும், அதற்குப் பெயர் பதிய நம் கூடத்தைத் தரும்படியும் ஒரு ஸ்கேன் மையம் கேட்டிருந்தது. கூடத்தைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஸ்கேன் மோசடி என்று நாங்கள் சொல்லவில்லை. 1990-இல் ஆர்தர் அகாட்ஸ்டன் குழுவினர் வகுத்த கணக்குமுறைதான் இன்றும் நடப்பில் இருக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தொடங்கலாமா வேண்டாமா என்று டாக்டரும் நோயாளியும் தயங்கும்போது அந்தக் கணக்கில் வரும் கால்சியம் எண் உதவும். ஏற்கனவே ஸ்டென்ட் வைத்தவருக்கு அதனால் புதிதாக ஒன்றும் தெரியப் போவதில்லை. பூஜ்யம் வந்தவரும், அதிலும் சிகரெட் பிடிக்கிற இளவயதுக்காரர், நிம்மதியாகப் படுத்துத் தூங்க முடியாது. கால்சியம் ஏறாத மென்மையான கொழுப்புத் திட்டு அந்த ஸ்கேனில் தெரியாது.

எங்கள் பெரிய கவலை வேறு. ரிப்போர்ட்டில் 'கால்சியம்' என்ற சொல்லைப் பார்த்ததுமே வீட்டில் முதலில் நிற்பது பாலும் தயிரும்தான். அந்தப் பயத்தில் மோர்சாதத்தையே விட்ட மாமிகள் இந்தத் தெருவில் உண்டு. வெந்நீர்த் தவலையின் அடியில் உப்புப் படிகிற மாதிரி, சாப்பிட்ட கால்சியம் குழாயில் படிவதில்லை. கெட்ட கொழுப்பு குழாயின் சுவருக்குள் புகுந்து தங்குகிறது. அதை விழுங்க வரும் வெள்ளணுக்கள் அங்கேயே மடிகின்றன. சுவர் அழல்கிறது. அந்த அழற்சியில் சுவரின் தசை செல்களே எலும்பு செல்களின் குணத்துக்கு மாற, மடிந்த செல்களின் மிச்சத்தைப் பற்றிக்கொண்டு கால்சியமும் பாஸ்பேட்டும் படிகமாகின்றன. தொடக்கத்தில் வரும் பொடிப்பொடியான படிகங்கள் திட்டின் மெல்லிய மூடியைக் கிழிக்கக்கூடியவை. பின்னால் கெட்டித் தகடாக இறுகிவிட்டால் அந்த இடம் ஓரளவு நிலைத்துவிடும். ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்களுக்கு மாரடைப்பு குறைந்தும் கால்சியம் எண் கூடுவது இதனால்தான். எண் கூடிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தியவர் யாராவது இருந்தால், தயவுசெய்து இன்றே டாக்டரைப் பாருங்கள். எலும்புக்காகச் சாப்பிடும் கால்சியம் மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

அப்படியானால் அழற்சிக்கே மருந்து உண்டா என்று பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 2017-இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கிய ஊசி, மாரடைப்பு கண்டவர்களுக்கு மறுபடி வருவதைக் குறைத்தது; ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. கீல்வாதத்துக்குக் கொடுக்கும் பழைய கோல்சிசின் 2020-இல் 5,500 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வில் பலன் காட்டியது. 2024-இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் காட்டவில்லை. ஆகவே மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்குகிற சரக்கல்ல அது. படிந்த கால்சியத்தைக் கரைப்பதாக விற்கும் பொடிகளுக்கும் கஷாயங்களுக்கும் நம் அறிவிப்புப் பலகையில் இடமில்லை.

நாம் சைவம், நமக்கேன் இதெல்லாம் என்ற பேச்சும் எழுந்தது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் புகையும் ஈறு நோயும் அக்கிரகாரம் பார்த்து ஒதுங்குவதில்லை. பருப்புவடையும் பாலடைப் பிரதமனும் சைவம்தானே!

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் கூடத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்கிறோம். ஸ்கேன் வேண்டுமா என்பதை அந்த அளவுகளைப் பார்த்து அவரவர் டாக்டர் சொல்லட்டும். மெடிக்கல் காலேஜும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும் இந்த ஊரிலேயேதான் இருக்கின்றன. முகாமுக்கென்று முன்பணம் கொடுத்தவர்கள் ரசீதோடு செயலாளரைப் பார்த்தால், திரும்ப வாங்கித் தருவது சங்கத்தின் பொறுப்பு.