மலைப்பாதை வண்டிக்கு எந்தச் செலவு முதலில்?

பேரணாம்பட்டு வட்டாரத்தில் முன்பு மாட்டு வண்டி போன தடங்களில் இப்போது பிக்கப் வண்டி போகிறது. அரவட்லா, பாஸ்மார்பெண்டா போன்ற மலைக் கிராமங்களிலிருந்தும், சாத்கர் மலையடிவாரத்துத் தோப்புகளிலிருந்தும் மாங்காயும் காய்கறியும் கீழே இறங்க இந்த வண்டியே துணை. குடியாத்தம் சந்தைக்குப் போனாலும், பத்தலப்பல்லி மலைப்பாதை ஏறி வி.கோட்டா மண்டிக்குப் போனாலும், தார் ரோட்டில் அதிகக் கஷ்டம் இல்லை. தோட்டத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே உள்ள ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் வண்டியையும் விவசாயியையும் சேர்த்துப் பிழிகிறது.

ஆகவே, கடன் வாங்கிப் பழைய பிக்கப் ஒன்றை வாங்கும் சிறு விவசாயி, மறுவாரமே அதைக் 'கரடுமுரடான பாதைக்கு ஏற்றதாக' மாற்ற நினைக்கிறார். பட்டறையில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் இதுதான்: முன்னால் பம்பர் கார்டு, மேலே நான்கு விளக்கு, பின்னால் இரண்டு கூடுதல் பட்டை, பிறகு பெரிய டயர். இந்த வரிசை தலைகீழானது என்பது எமது கருத்து. முதலில் வண்டி நிற்க வேண்டும். அடுத்து மண்ணைப் பிடிக்க வேண்டும். அடுத்து, சிக்கினால் மீள வேண்டும். அதிகம் சுமப்பதைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரவேண்டும். கையில் இருக்கும் பணம் எந்த இடத்தில் தீர்ந்தாலும், அதற்கு முன் செய்த வேலை வீணாகாது என்பதே இந்த வரிசையின் நன்மை.

நம் பெரியவர்கள் மாட்டு வண்டியில் இதைத்தான் செய்தார்கள். இருசும் சக்கரமும் சரியில்லாத வண்டிக்குக் கூண்டு கட்ட யாரும் ஆசாரியைத் தேடிப் போகவில்லை. மரச் சக்கரத்துக்குப் பதில் டயர் வந்தபோது, அதே ஜோடி மாடு கூடுதல் பாரம் இழுத்தது. வண்டியை மேம்படுத்தும் வேலை அன்றும் சக்கரத்தில்தான் தொடங்கியது.

உப்பு தின்ற சேஸ்

செலவைத் தொடங்கும் முன் ஒரு சோதனை தேவை. நம் பகுதி தோல் தொழிற்பகுதி. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளுக்கு வரும் பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிடப்படுகிறது. அந்தத் தோலிலிருந்து வடியும் உப்புநீர் வண்டியின் தொட்டியில் இறங்கி, சேஸ் சட்டத்தின் மூலைகளில் தங்கிவிடும். தோல் ஏற்றி ஓடிய பழைய வண்டி, புது பெயிண்டில் பளபளப்பாக நிற்கலாம். ஆனால் அடியில் துரு அரித்திருக்கும். ஆகவே, பழைய வண்டி வாங்குவோர் வண்டியைத் தூக்கி வைத்து, பின் பட்டைகள் சேஸோடு சேரும் இடங்களையும் தொட்டியின் அடிப்பலகையையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தாலோ, செதில் செதிலாக உதிர்ந்தாலோ அந்த வண்டி வேண்டாம். அரித்த சட்டத்தின் மேல் போடும் எந்தச் செலவும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீரே.

முதலில் பிரேக்

மேட்டில் ஏறாத வண்டியால் ஒரு நாள் கூலிதான் போகும். இறக்கத்தில் நிற்காத வண்டியால் உயிர் போகும். 2022 ஏப்ரலில் ஜவ்வாது மலையில் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற வேன் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததை நம் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். சரக்கு வண்டியில் கூலியாட்களை ஏற்றுவது சட்டப்படியும் குற்றம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்கும் என்று நம்பவும் முடியாது.

பிரேக் லைனிங், வீல் சிலிண்டர், ஹேண்ட் பிரேக் கேபிள் மூன்றையும் முதலில் பார்க்கவும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் சேர்ந்த ஆயில் நீண்ட இறக்கத்தில் சூடேறி ஆவியாகும். அப்போது பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது நலம். பாரத்தோடு இறங்கும்போது, அதே மேட்டை எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரில் இறங்க வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் பழக்கம் கூடவே கூடாது.

இரண்டாவது டயர்

இன்ஜினில் எவ்வளவு சக்தி இருந்தாலும், அது மண்ணுக்குப் போய்ச் சேர்வது டயர் மண்ணைத் தொடும் உள்ளங்கை அகலமுள்ள இடங்களின் வழியாகத்தான். டயர் பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். சேற்றுப் பாதைக்கு அதைவிட நல்ல ஆழம் இருக்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு எண்கள் இருக்கும். 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்யப்பட்டது என்று பொருள். பட்டன் நன்றாக இருந்தாலும் பழைய ரப்பர் வெடிக்கும். எனவே வாங்கும்போது இதைக் கேட்டு வாங்கவும்.

பணம் இரண்டு டயருக்கு மட்டுமே இருந்தால், பின்சக்கரத்துக்குப் போடுவது நலம். நம் பிக்கப்புகளில் பெரும்பாலானவற்றில் இன்ஜின் விசை பின்சக்கரத்துக்கே போகிறது. வெறும் வண்டியில் பின்புறம் லேசாக இருப்பதால்தான் மழையில் தோட்டத்துக்குப் போகும்போது சக்கரம் சுழல்கிறது. பின் அச்சுக்கு நேர் மேலே நான்கைந்து மணல் மூட்டைகளைக் கட்டி வைத்தால் பிடிப்பு கூடும். தோட்டத்தில் இறக்கிவிட்டுப் பாரம் ஏற்றலாம்.

அளவு மீறிய பெரிய டயர் வேண்டாம். சக்கரம் பெரிதானால் முதல் கியரின் இழுவை குறையும், கிளட்ச் கருகும், பிரேக்குக்கு வேலை கூடும். கம்பெனி சொன்ன அளவிலேயே ஆழமான பட்டன் உள்ள டயர் கிடைக்கிறது. மலட்டாற்று மணலைப் போன்ற இடத்தில் வெறும் வண்டி புதைந்தால், டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் அது பரந்து பதிந்து மேலே வரும். ஆனால் பாரத்தோடு இதைச் செய்யக் கூடாது. தார் ரோட்டைத் தொடுமுன் மீண்டும் காற்று நிரப்ப, வண்டியில் பம்பு இருக்க வேண்டும்.

மூன்றாவது, மீளும் சாமான்கள்

இதில் பாதி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மண்வெட்டி, கடப்பாரை, மூன்றடிப் பலகை இரண்டு, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடிச் சதுரக் கட்டை, உறுதியான இழுவைக் கயிறு. வாங்க வேண்டியவை கயிறும், அதை மாட்டும் கொக்கியும் மட்டுமே. கயிற்றை பம்பரில் கட்டாமல் சேஸில் உள்ள கொக்கியில் கட்டவும். டிராக்டர் இழுக்கும்போது பக்கத்தில் ஆட்கள் நிற்கக் கூடாது. அறுந்த கயிறு சாட்டையைவிடக் கொடியது.

ஒரு பின்சக்கரம் மட்டும் சேற்றில் சும்மா சுழன்றால், ஹேண்ட் பிரேக்கை இரண்டு பல் மட்டும் இழுத்து, மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுத்துப் பார்க்கலாம். சுழலும் சக்கரம் தடைபட்டால், விசை மறு சக்கரத்துக்கு ஓரளவு போகும். இதற்குச் செலவே இல்லை.

நான்காவது, அடிப்பாகக் காப்பு

மாட்டு வண்டித் தடத்தில் நடுமேடு உயர்ந்திருக்கும். கல் பட்டு ஆயில் சம்ப் உடைந்தால் இன்ஜினே போகும். ஆகவே சம்ப்புக்குக் கீழ் ஒரு தடித்த தகடு போடுவது பயனுள்ள செலவு. ஆயில் மாற்ற வழிவிட்டு, காற்றோட்டம் தடைபடாமல் அமைக்கச் சொல்லுங்கள்.

தண்ணீரைக் கடப்போர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஓடிச் சூடான பின் டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் இறங்கியதும், உள்ளே காற்று சுருங்கி, மூச்சுக் குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சும். அந்தக் குழாயில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி மேலே கட்டிவிட்டால் போதும். மிகச் சிறிய செலவு இது. தண்ணீர் கடந்த பின் டிஃபரன்ஷியல் ஆயில் பால் நிறமாக இருந்தால் உடனே மாற்ற வேண்டும். ஆனால் ஓடும் வெள்ளத்தில் இறங்க எந்த மாற்றமும் உதவாது. 2021 நவம்பரில் பாலாறும் அதில் சேரும் ஆறுகளும் பெருகியதைப் பார்த்தோம். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் காத்திருப்பதே புத்தி.

கடைசியில் பட்டை

கூடுதல் பட்டை போட்டால் இரண்டு நடையை ஒரு நடையில் முடிக்கலாம், டீசல் மிச்சம் என்பார்கள். கணக்கு சரிபோலத் தோன்றும். ஆனால் பட்டை கனத்தால் அச்சும் பிரேக்கும் கனப்பதில்லை. பல வண்டிகளில் பின்பாரத்துக்கு ஏற்றபடி பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. வண்டியின் உடல் தாழ்வதைக் கொண்டுதான் அது பாரத்தை அறிகிறது. கூடுதல் பட்டையால் உடல் தாழாவிட்டால், பாரம் குறைவு என்று கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதிகப் பாரத்துக்குக் குறைந்த பிரேக் என்றாகிவிடும்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. விறைத்த பட்டை ஒவ்வொரு பள்ளத்தையும் மாங்காய் மேல் இறக்கும். அடிபட்ட மாங்காயும் நசுங்கிய தக்காளியும் மண்டியில் என்ன விலை போகும் என்பதை விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை. மேலும், 2019 திருத்தச் சட்டப்படி அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். தொய்ந்த பட்டையை அதே அளவுள்ள புதுப் பட்டையால் மாற்றுவது நியாயமான செலவு. அதற்கு மேல் வேண்டாம்.

வேண்டாத செலவுகள்

பம்பர் கார்டை நீக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. யானைக்காக விளக்கு வேண்டும் என்று சொல்வோர் உண்டு. கௌண்டின்யா சரணாலயப் பக்கமிருந்து யானைகள் நம் தோப்புகளுக்கு வருவது உண்மையே. ஆனால் கண்கூசும் விளக்கு யானையை விலக்கும் என்று நம்பிப் பக்கத்தில் போகக் கூடாது. தூரத்திலேயே நிறுத்திப் பின்வாங்கி, வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

நான்கு சக்கர விசை உள்ள வண்டி வாங்கலாமா என்ற கேள்வியும் எழுகிறது. ஆண்டு முழுதும் மலைப்பாதையில் ஓடுவோருக்கு அது பயன்படும். மழைக்காலத்தில் சில வாரங்கள் மட்டும் சேற்றில் போவோர், அந்த நாட்களில் பக்கத்துத் தோட்டத்து டிராக்டரை வாடகைக்கு அமர்த்துவதே சிக்கனம். நான்கு சக்கர விசை வண்டியைப் போக வைக்கும், நிற்க வைக்காது.

பாதையும் வண்டியின் பாகமே

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பத்து வண்டிகள் ஒரே பள்ளத்தில் அடிபட்டு, பத்துப் பேரும் தனித்தனியே பட்டைக்கும் டயருக்கும் செலவழிப்பதைவிட, அந்தப் பள்ளத்தில் சேர்ந்து கல் கொட்டுவது மலிவு. மழைநீர் தடத்தின் வழியே ஓடாதபடி குறுக்கே சிறு வாய்க்கால் வெட்டிப் பக்கத்தில் திருப்பிவிட்டால் தடம் நிற்கும். ஓடை கடக்கும் இடத்துக்குத் தரைப்பாலம் கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். 2022 முதல் தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடைபெறுகின்றன. ஆறிலும் தோட்டக்காரர்கள் சேர்ந்து போய் அதே கோரிக்கையை வைத்தால், அதிகாரிகள் அதை எளிதில் ஒதுக்க முடியாது.

மாங்காய் இறங்கும் பருவத்துக்கு முன்பே சேஸையும் பிரேக்கையும் பார்த்துவிட வேண்டும். மழைக்கு முன் டயரை மாற்ற வேண்டும். மீதிப் பணம் இருந்தால் தகடு போடலாம். அதன் பிறகும் மீதம் இருந்தால் அது பம்பருக்கு வேண்டாம். தோட்டத்துக்குப் போகும் பாதைக்குப் போகட்டும்.