டியூப் லைட்டுக்கு உபயம் உண்டு, டிரஸ்டுக்குக் கிடையாதா?

திருத்தணி மாதிரி ஒரு கோயில் ஊரில் வளர்ந்தவர்களுக்கு "உபயம்" என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மின்விசிறி, சுவர்க் கடிகாரம், பெஞ்சு, தண்ணீர்த் தொட்டி.. எதைக் கொடுத்தாலும் கொடுத்தவர் பெயர் அதன் மேலேயே இருக்கும். டியூப் லைட்டின் கண்ணாடி மேல் பெயரை எழுதி, வெளிச்சத்தில் பாதியை மறைத்துவிட்ட மகானுபாவர்களும் உண்டு. காலம் காலமாகக் கிண்டல் செய்யப்பட்ட வழக்கம்தான். ஆனால் அந்தப் பெருமை அடிப்பிலும் ஒரு நேர்மை இருக்கிறது. யார் கொடுத்தார், என்ன கொடுத்தார் என்று யாரிடமும் மனு போட்டுக் கேட்க வேண்டாம். நிமிர்ந்து பார்த்தால் போதும்.

நாட்டின் சட்டங்களை மாற்றவும், வரவிடாமல் தடுக்கவும், பொதுக்கருத்தை ஒரு பக்கம் தள்ளவும் அறக்கட்டளைகள் வழியாகப் போகிற பணத்துக்கு இந்த டியூப் லைட் நேர்மை கூடக் கிடையாது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் விதி ஒன்று உண்டு. பெறுபவர் பற்று, தருபவர் வரவு. அதாவது எந்தப் பதிவிலும் இரண்டு பெயர் வேண்டும். ஒரு பெயரை மட்டும் எழுதிவிட்டு "இன்னொருவர் யாரென்று கேட்காதீர்கள், அது தர்மம்" என்றால் பெட்டிக்கடை கணக்குப்பிள்ளை கூட ஒத்துக்கொள்ள மாட்டார்.

இந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கலாம். ஒரு முதலாளி இருக்கிறார். அவர் குடும்பத்தின் பெயரில் ஓர் அறக்கட்டளை. அது டெல்லியில் ஓர் ஆய்வு மையத்துக்கு மானியம் தருகிறது. மையம் ஓர் அறிக்கை போடுகிறது. எழுதியவர் அன்றிரவே டிவியில் "கொள்கை வல்லுநர்" ஆகிறார், அடுத்த மாதம் நாடாளுமன்றக் குழுவின் முன் கருத்துச் சொல்கிறார், அப்புறம் மசோதாவில் அந்த அறிக்கையின் வாசனை அடிக்கிறது. இதில் எந்த இடத்திலும் லஞ்சம் இல்லை, சட்டவிரோதமும் இல்லை. அந்த அறிக்கை சரியான அறிக்கையாகவே கூட இருக்கலாம். ஆனால் டிவி பார்க்கிறவருக்கு இவர் யார் பணத்தில் வல்லுநர் ஆனார் என்று தெரியாது. தெரிந்தால் கொஞ்சம் வேறு மாதிரிக் கேட்டிருப்பார், அவ்வளவுதான் விஷயம்.

"அவர் காசு, அவர் இஷ்டம், உனக்கென்ன?" என்பார்கள். முழுக்க அவர் காசு இல்லை சார். 1961 வருமானவரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாதாரண அறக்கட்டளைக்குக் கொடுத்தால் பெரும்பாலும் பாதித் தொகைக்குக் கழிவு. 30 சதவீத வரம்பில் இருந்து பழைய முறையில் வரி கட்டிய ஒருவர் ஒரு கோடி கொடுத்தால் (சர்சார்ஜ், உச்சவரம்பு எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு) 15 லட்சம் வரி மிச்சம். அந்த 15 லட்சம் ஊர்ப் பணம். இன்னொரு கூத்து: அதே ஒரு கோடியை அரசியல் கட்சிக்கோ, கட்சிகளுக்குப் பணம் பிரித்துத் தரும் தேர்தல் அறக்கட்டளைக்கோ கொடுத்திருந்தால் அதே சட்டத்தின் 80ஜிஜிசி பிரிவில் முழுத் தொகைக்கும் கழிவு, 30 லட்சம் மிச்சம். அனாதை இல்லத்துக்கு 50, கட்சிக்கு 100!! சட்டம் எழுதியவர்கள் யார் என்று யூகிக்கப் பரிசு எதுவும் கிடையாது.

ஆக, ஊர்ப் பணமும் கலந்திருக்கும்போது ஊர் கேள்வி கேட்கலாம். ஆனால் நம்மூரில் கேட்கப்படும் கேள்வி எப்போதும் ஒன்றே ஒன்றுதான்: "வெளிநாட்டுப் பணமா?"

2012 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங், அமெரிக்காவின் 'சயின்ஸ்' இதழுக்குக் கொடுத்த பேட்டியில், அணுமின் திட்டங்கள் சிக்கலில் இருப்பதற்குப் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டு நிறுவனங்கள்தான் காரணம் என்றார். இடிந்தகரையில் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்திருந்த மீனவப் பெண்களுக்கு அப்படித்தான் ஒரே நாளில் அமெரிக்கத் தொடர்பு கிடைத்தது. தொண்டு நிறுவனங்கள் மேல் வழக்கு, வங்கிக் கணக்கு முடக்கம், நாகர்கோவில் லாட்ஜில் தங்கியிருந்த ஒரு ஜெர்மானியரைப் பிடித்து நாடு கடத்தியது என்று அடுத்தடுத்து நடந்தன. 11 வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், அன்றைய ஆளுநர் ஆர்.என்.ரவி ராஜ்பவனில் மாணவர்கள் முன் அதையே பேசினார். கூடங்குளத்தோடு ஸ்டெர்லைட்டையும் சேர்த்துக்கொண்டார். கட்சி மாறியது, வசனம் மாறவில்லை.

ஸ்டெர்லைட் என்ற பெயர் வந்ததும் நல்லதாகப் போயிற்று.

2014 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. காங்கிரசும் பாஜகவும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறிப் பணம் வாங்கியிருக்கின்றன, நடவடிக்கை எடுங்கள் என்று. கொடுத்தது யார்? லண்டன் வேதாந்தாவின் கையில் இருந்த இந்தியக் கம்பெனிகள், அவற்றில் ஒன்று ஸ்டெர்லைட். (அந்தக் குழுமத்தின் தேர்தல் அறக்கட்டளைக்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'பொது மற்றும் அரசியல் விழிப்புணர்வு அறக்கட்டளை' என்று வரும். நல்ல விழிப்புணர்வு!) அரசியல் கட்சி வெளிநாட்டு நிதி வாங்கவே கூடாது என்பது நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், இந்திரா காந்தி அரசு கொண்டுவந்த சட்டம். விதி தெளிவு, தீர்ப்பும் தெளிவு. இரண்டு கட்சியும் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடின.

அங்கே தீர்ப்பு வருவதற்குள் வேறு வழி கிடைத்தது. 2016 நிதிச் சட்டத்துக்குள் ஒரு பிரிவைச் செருகினார்கள். அந்நிய முதலீட்டு உச்சவரம்புக்குள் இருந்தால் அந்தக் கம்பெனி இனி "வெளிநாட்டு மூலம்" ஆகாது, அதுவும் 2010 செப்டம்பர் முதலே ஆகாது. இரண்டு கட்சியும் அந்த வருடம் நவம்பரில் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றன. பிறகுதான் யாருக்கோ உறைத்திருக்கிறது: பணம் வாங்கியது 2010-க்கு முன்னால் ஆயிற்றே! சரி, 2018 நிதிச் சட்டத்தில் அந்தத் தேதியை 1976 ஆகஸ்ட் 5 என்று மாற்றினார்கள். அதாவது சட்டம் பிறந்த நாளிலிருந்தே குற்றம் நடக்கவில்லை. 42 வருடப் பின்தேதி. ஆடிட்டர் யாராவது ஒரு வவுச்சருக்கு இப்படிப் பின்தேதி போட்டால் உள்ளே போவார். மக்களவையில் அந்த மசோதா 2018 மார்ச் 14 அன்று விவாதம் இல்லாமலே நிறைவேறியது. எலியும் பூனையுமாகச் சண்டை போடும் இரண்டு கட்சிகளுக்கும் இதில் மட்டும் அப்படி ஓர் ஒற்றுமை.

மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை மூடச் சொல்லிப் போன கூட்டத்தின் மேல் துப்பாக்கிச் சூடு. 13 பேர் செத்தார்கள்.

அந்தக் கம்பெனி எதிர்ப்பாளர்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று அதற்கு அப்புறமும் மேடை போட்டுக் கேட்டார்கள். கம்பெனியிடமிருந்து பணம் எங்கே போனது என்று கேட்கக்கூடிய ஒரே சட்டத்தை இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் பின்தேதி போட்டு மூடியிருந்தார்கள்.

இதைச் சொன்னால் உடனே "அப்போ நீ வெளிநாட்டுப் பணத்துக்கு வக்காலத்தா?" என்று கிளம்புவார்கள். இல்லை. ஃபோர்டு அறக்கட்டளை 1952-இல் டெல்லியில் அலுவலகம் போட்டது, நேரு காலத்தில். 1960களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் உட்பட ஏழு மாவட்டங்களில் ஆரம்பித்த தீவிர வேளாண் திட்டத்தின் பின்னால் இருந்தது ஃபோர்டு பணமும் ஆலோசனையும்தான். தஞ்சை விவசாயி எந்த விதையைப் போடுவது, எவ்வளவு யூரியா தெளிப்பது என்பதில் ஓர் அமெரிக்கக் கார் கம்பெனிக் குடும்பத்தின் அறக்கட்டளைக்குச் சொல் இருந்தது. அன்றைக்கு அதை யாரும் அந்நியச் சதி என்று சொல்லவில்லை, அரசாங்கமே கூப்பிட்ட விருந்தாளி. அதே ஃபோர்டை 2015-இல் உள்துறை அமைச்சகம் முன் அனுமதிப் பட்டியலில் போட்டது, குஜராத் கலவர வழக்குகளை நடத்தியவர்களுக்கு உதவியது என்ற விவகாரத்தில். அரசுக்குப் பிடித்ததைச் செய்தால் வளர்ச்சி, பிடிக்காததைச் செய்தால் சதி. பணம் ஒன்றேதான்.

உள்நாட்டுப் பணத்துக்கு வருவோம். அப்சர்வர் ரிசர்ச் ஃபவுண்டேஷன், 1990-இல் தொடங்கியது, பெரிய புரவலர் ரிலையன்ஸ். 2016-இலிருந்து வெளியுறவு அமைச்சகத்தோடு சேர்ந்து ரைசினா மாநாட்டை நடத்துவது இவர்கள். டெல்லியின் விவேகானந்தா இன்டர்நேஷனல் ஃபவுண்டேஷன், 2009-இல் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம் முன்னின்று தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் அஜித் தோவல், 2014-இல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர். காங்கிரஸ் பக்கம் 1991-இன் ராஜீவ் காந்தி அறக்கட்டளை. பிரதமர் நிவாரண நிதியிலிருந்தே இதற்குப் பணம் போனதும், சீனத் தூதரகம் கொடுத்ததும் 2020-இல் வெளியே வந்தன. 2022 அக்டோபரில் வெளிநாட்டு நிதி உரிமம் ரத்து. கட்சி எதுவுமில்லாத சென்டர் ஃபார் பாலிசி ரிசர்ச்சுக்கும் 2024 ஜனவரியில் அதே ரத்து. ரத்து ஆனவற்றின் பட்டியலையும் ஆகாதவற்றின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கும், அது அக்கவுண்டன்சி பாடம் இல்லை.

இதில் பெரிய நகைச்சுவை என்னவென்றால், இந்தச் சந்தையில் கொஞ்சமாவது வெளிச்சத்தில் இருப்பது வெளிநாட்டுப் பணம்தான். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளை ஒவ்வொன்றும் தான் கொடுத்த மானியம் ஒவ்வொன்றையும் வரித்துறைக்கான 990-பிஎஃப் படிவத்தில் எழுத வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்தியாவில் எந்த அமைப்புக்கு அந்த அறக்கட்டளை எவ்வளவு கொடுத்தது என்று அங்கே உட்கார்ந்து படிக்கலாம். இங்கே? இருந்ததும் போயிற்று. வெளிநாட்டு நிதி வாங்குகிறவர்கள் காலாண்டுக்கு ஒருமுறை விவரத்தை இணையத்தில் போட வேண்டும் என்ற விதியை 2022 ஜூலையில் நீக்கினார்கள். அமைச்சகத்தின் தளத்திலிருந்து ஆண்டுக் கணக்குகளும் காணாமல் போயின. அந்நியச் சதியை அம்பலப்படுத்தத் துடிக்கிற அரசு செய்யும் வேலையா இது!

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பெயரை வெளியிட்டால், அரசைக் கேள்வி கேட்கும் அமைப்புக்குக் கொடுத்தவர் வீட்டுக்கு ரெய்டு வரும், அப்புறம் யார் கொடுப்பார்? நியாயமான பயம். 1958-இல் அலபாமா மாநிலம் கறுப்பின மக்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டபோது அமெரிக்க உச்ச நீதிமன்றம் தர வேண்டாம் என்றது இதற்காகத்தான். ஆனால் இந்தியாவில் ரகசியம் யாரிடமிருந்து காப்பாற்றப்படுகிறது? 2021-22 நிதியாண்டிலிருந்து 80ஜி அறக்கட்டளைகள் நன்கொடையாளர் விவரத்தை 10பிடி என்ற படிவத்தில் வருமானவரித் துறைக்குத் தர வேண்டும் என்று ஆயிற்று. ரெய்டு அனுப்பக்கூடியவருக்குப் பட்டியல் போய்விடுகிறது. டிவி பார்க்கிறவருக்குத்தான் போகவில்லை. தேர்தல் பத்திரத்திலும் இதே கதைதானே, பாரத ஸ்டேட் வங்கிக்குத் தெரியும், வாக்காளருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது, அதிகமாக வாங்கியது கோயம்புத்தூர் லாட்டரிக் கம்பெனி என்பது உட்பட.

கோயில் உண்டியலில் போடுகிறவர் பெயர் மட்டும் தெரியுமா என்று கேட்கலாம். தெரியாதுதான். ஆனால் எண்ணும்போது எல்லோர் முன்னாலும் எண்ணுகிறார்கள், மறுநாள் பேப்பரில் தொகை வருகிறது. அதைவிட முக்கியம், முருகன் டெண்டர் விடுவதில்லை, மசோதா கொண்டுவருவதில்லை.

திருத்தணிக்காரர்கள் இதில் கூடுதலாக யோசிக்க ஒரு காரணம் உண்டு. 1953-இல் ஆந்திரா பிரிந்தபோது இந்த ஊர் சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய எல்லைப் போராட்டம், மறியல், சிறை, பிறகு படாஸ்கர் ஏற்பாடு என்று இழுத்து 1960 ஏப்ரல் 1 அன்றுதான் தமிழ்நாட்டுக்கு வந்தது. 2011-இல் வந்த வெளிநாட்டு நன்கொடை விதிகள் பந்த், சாலை மறியல், ரயில் மறியல், சிறை நிரப்பும் போராட்டம் இவற்றில் வழக்கமாக ஈடுபடும் அமைப்பை "அரசியல் தன்மை" கொண்டது என்று முத்திரை குத்த வழி செய்தன. கட்சி அரசியலோடு தொடர்பில்லாமல் மக்கள் பிரச்சினைக்காகப் போராடுவதே அந்த முத்திரைக்குக் காரணம் ஆகாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. போராடுவதைக் குற்றமாக்கும் விதிகளை இப்படி நீதிமன்றம் போய்த்தான் உடைக்க வேண்டியிருக்கிறது. பணத்தின் பெயரைக் கேட்கும் விதியோ இன்னும் எழுதப்படவே இல்லை.

எழுதுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. கொள்கை ஆய்வு, பிரச்சாரம், போராட்ட ஆதரவு, எதற்குச் செலவு செய்தாலும் சரி, வரிச்சலுகை வாங்கும் அமைப்பு தனக்குக் கொடுத்தவர், தான் கொடுத்தவர் இரண்டு பட்டியலையும் வெளியிட வேண்டும். ஃபோர்டுக்கும் ரிலையன்சுக்கும் இடிந்தகரைக்கும் ஒரே படிவம். சில்லறையாகக் கொடுக்கும் சாதாரண ஆட்கள் பயப்படாமலிருக்க ஓர் எல்லை வைக்கலாம், அதற்கும் புதிதாக யோசிக்க வேண்டாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் கட்சிகளுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. கட்சிக்கு உள்ள அந்த எல்லையை அறக்கட்டளைக்கும் வைப்பதில் என்ன கஷ்டம் என்பதை, 1976 வரை பின்தேதி போடத் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.