அறையா, சிறையா?

ஆவூர் போன்ற ஊர்களில் நாய் வளர்ப்பது ஒரு பெரிய சாஸ்திரமாக இருந்ததில்லை. நாய் திண்ணை ஓரத்தில் படுத்திருக்கும், பகலில் வரப்பெல்லாம் சுற்றும், இரவில் குரைக்கும். அதற்கு வீடும் உண்டு, வீதியும் உண்டு. இப்பொழுதோ திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் உத்தியோகத்துக்குப் போகிறவர்கள் ஜாதி நாய்க்குட்டிகளை விலைக்கு வாங்கி வருகிறார்கள். குட்டியுடன் கூடவே ஒரு கம்பிக் கூண்டும் வந்து இறங்குகிறது.

நம்மிடம் முன்பு படித்த ஒரு பிள்ளை, இப்பொழுது குடும்பஸ்தன், சமீபத்தில் நம்மைப் பார்க்க வந்திருந்தான். "சார், நானும் வீட்டிலும் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் மாலை ஆறுக்குத்தான் திரும்புகிறோம். அதுவரை குட்டி கூண்டில் இருந்தால் பத்திரந்தானே?" என்றான். யாருக்குப் பத்திரம் என்று கேட்டோம். "வீட்டுச் சாமான்களுக்கு, சார்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டான்.

கூண்டு கெட்ட வஸ்து அன்று. நாய்க்கு ஒதுக்கமான இடத்தில் முடங்குவதில் இயல்பாகவே ஆசை உண்டு. கட்டிலுக்கு அடியிலும் வண்டிக்கு அடியிலும் அது படுப்பதை யார்தான் பார்க்கவில்லை? சத்திர சிகிச்சைக்குப்பின் ஓய்வாக வைக்கவும், தீபாவளி வெடிச் சப்தத்தில் நடுங்கும்பொழுது ஒளிந்துகொள்ளவும், நாயைக் கண்டால் அஞ்சும் விருந்தினர் வரும்பொழுதும் கூண்டு மிகவும் உதவும். ஆனால் அதே கூண்டு அறையாவதும் சிறையாவதும் தாழ்ப்பாளைப் போடுகிறவர் கையில் இருக்கிறது.

முதலில் அளவு. உள்ளே நாய் தலை குனியாமல் நிற்க வேண்டும். தடையின்றித் திரும்ப வேண்டும். காலை நீட்டிப் படுக்க வேண்டும். அடுத்தது பழக்கம். சில நாள் கதவைத் திறந்தே வைத்து, ஆகாரத்தை உள்ளே வைத்து, தானாகவே போய்வரச் செய்யவேண்டும். பிறகு சில நிமிஷங்கள் மட்டும் சாத்தி, மெள்ள நேரத்தைக் கூட்டலாம். தண்டனைக்காக ஒருபொழுதும் அடைக்கலாகாது. அடைத்தால் கூண்டைக் கண்டாலே அதற்குப் பயம் வந்துவிடும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுவது நலம். கம்பியில் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது நேரம். இளங்குட்டியால் சில மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க இயலாது. வளர்ந்த நாயையும் பகலில் தொடர்ந்து நாலு மணிக்கு மேல் அடைக்காமலிருப்பதே நல்லது. நமது சித்திரை வெயிலையும் மறக்கக் கூடாது. நாய்க்கு மனிதரைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. தகரக் கூரையின் கீழோ, வெயில் விழும் ஜன்னலோரத்திலோ, தண்ணீரின்றிக் கூண்டை வைப்பது அதைக் கொல்வதற்குச் சமானம்.

இது வெறும் இரக்கத்தின் பேச்சு மட்டுமல்ல, தேசத்தின் சட்டமும்கூட. 1952-இல் ராஜ்ய சபையில் நியமனம் பெற்ற ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேலின் விடாமுயற்சி, 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் பிறக்கப் பெருங்காரணமாயிற்று. 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, அசைய இடமில்லாத கூண்டில் பிராணியை அடைப்பதையும், எப்பொழுதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு உடற்பயிற்சி அளிக்காமலிருப்பதையும் குற்றம் என்கிறது. முதற் குற்றத்துக்கு அதில் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். தொகை சிறிது, தர்மம் சிறிதன்று.

நாள் முழுவதும் அடைபட்ட நாய், சாதுவாக வளரும் என்று எண்ணுவது பிசகு. அடைபட்ட ஏக்கம் ஓயாத குரைப்பாகவும் கடியாகவும் வெளிப்படக்கூடும். அந்தக் கடி பெரும்பாலும் ஓடியாடும் குழந்தையின்மீதுதான் விழும். ஓடுவதற்கென்றே பிறந்த சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்க்கு இந்தச் சிறைவாசம் இன்னும் கொடியது.

ஆகவே நம் பிள்ளைக்கு நாம் சொன்னது இதுதான்: "காலையிலும் மாலையிலும் வெளியே நடத்திக்கொண்டு போ. நடுப்பகலில் பக்கத்து வீட்டுப் பாட்டியையாவது திறந்துவிடச் சொல். ஓர் அறையில் சாமான்களை ஒதுக்கிவிட்டு அங்கே உலாவ விடு. கூண்டு அந்த அறையின் மூலையில் கதவு திறந்தபடியே இருக்கட்டும்." இதற்கு ஒருவராலும் அவகாசமில்லை என்னும் வீட்டில் நாய் வளர்க்காமலிருப்பதே ஜீவகாருண்யம். சிறையில் கிடந்து சுதந்திரம் வாங்கிய தேசத்தாருக்கு இதை விரித்துச் சொல்லவும் வேண்டுமோ?